இரு நதிகளுக்குப் பணி செய்தவர்: சர் ஆர்தர் காட்டன்

காவிரி பாய்ந்த வயலில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர். கோதாவரியும் கிருஷ்ணையும் பாய்ந்த வயலில் விளைந்த நெல்லை உண்டு ஆந்திர நாட்டில் வாழ்கின்றவர்கள் நாம். தொழிலும் உத்தியோகமும் நம்மை ஊர் விட்டு ஊர் கொணர்ந்தன. எனினும், நாம் விட்டு வந்த சோற்றுக்கும் வந்து சேர்ந்த சோற்றுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. காவிரிக் கரையில் பாடம் கற்று, கோதாவரிக் கரையில் அப்பாடத்தைப் பயன்படுத்திய ஒரு மனிதரே அவ்வுறவுக்குக் காரணர். அவர் பெயர் சர் ஆர்தர் காட்டன்.

ஆண்டு விழா மலர்களில் புலவர்களையும் இசைவாணர்களையும் தேசத் தலைவர்களையும் நாம் போற்றுகிறோம், அது முறையே. ஆயின், குழாயில் நீர் வருவதற்கும், சாலை மேடு பள்ளமின்றி இருப்பதற்கும், மழைநீர் தெருவில் தேங்காது வடிவதற்கும் காரணமாயிருப்போரை நாம் நினைப்பது அரிது. நீர் வராத நாளில் மட்டுமே அவர்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். அத்தொழிலினர் அனைவர்க்கும் செலுத்தும் வணக்கமாக, அவர்களுள் முதன்மையான ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இளமை

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். உடன்பிறந்த ஆடவர் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. கிழக்கிந்தியக் கும்பினியின் சேவைக்கு இளைஞரைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கல்லூரியில் பதினைந்தாம் வயதிலேயே சேர்ந்தார். பயிற்சி முடிந்து, 1821-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து எஞ்சினீயர் படைப்பிரிவில் பணியாற்ற இந்தியா வந்தடைந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

மாகாணத்தின் தென்பகுதியில் ஏரிகளைக் கவனிக்கும் அலுவலில் அவர் முதற்கண் அமர்த்தப்பட்டார். பாம்பன் கால்வாயை ஆழப்படுத்துவது பற்றியும் ஆராய்ந்தார். இடையே 1824 முதல் 1826 வரை நிகழ்ந்த முதற் பர்மியப் போரிலும் பங்கு கொண்டார். போரில் பெயர் பெற்றுப் படைத்துறையிலேயே உயர்ந்திருக்கலாம். அவர் மனமோ நீரின் வழியே சென்றது.

அக்காலத்தில் பொதுப்பணித் துறைக்கு மராமத்து என்றே பெயர். நம் பாட்டனார் நாளிலும் மராமத்து இலாகா என்னும் சொல் வழக்கில் இருந்தது. மராமத்து என்பதற்குப் பழுது பார்த்தல் என்பதே பொருள். புதியன கட்டுவதைக் காட்டிலும் உள்ளதைக் காப்பதே அத்துறையின் முதற் கடமை என்பதை அதன் பெயரே உணர்த்தியது. ஆனால் கும்பினி சர்க்கார் நிலவரியைத் தவறாது வாங்கியதே அன்றி, அவ்வரியைத் தந்த ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் செலவிட மனம் கொள்ளவில்லை. ஊரார் கூடித் தம் உழைப்பால் வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து முறையும் தளர்ந்து வந்தது. காட்டன் பணியேற்ற காலத்தில் காவிரிப் படுகையின் நிலை இதுதான்.

காவிரிக் கரையில்

1828-ஆம் ஆண்டில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு இருபத்தைந்து வயதான காட்டனிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர் கண்ட சிக்கலைத் தஞ்சை, திருச்சி மாவட்டங்களைச் சேர்ந்த அன்பர்கள் எளிதில் உணர்வர். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் வாட்டம் மிகுந்தது. கடலுக்கு நேர்வழியே செல்வது. காவிரியோ மணல் படிந்து ஆண்டுதோறும் மேடிட்டு வந்தது. ஆகவே, வயலுக்குப் போக வேண்டிய நீர் மேலும் மேலும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலில் கலந்தது. திருவரங்கத் தீவின் கிழக்கு முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குமிடத்தில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை நின்று காத்து வந்தது. ஆனால் மேலே முக்கொம்பிலேயே நீர் திசைமாறிவிட்டால் கல்லணை யாது செய்யும்? இந்நிலை தொடர்ந்திருப்பின் தஞ்சைத் தரணியே வறண்டிருக்கும்.

இளம் எஞ்சினீயர் முதலில் செய்தது கல்லணையைப் படித்ததுதான். ஏட்டைப் படிப்பது போல அவ்வணையைப் படித்தார். ஆழமான மணற்படுகையில் பாறையே தென்படாத இடத்தில் பண்டைத் தமிழர் எவ்வாறு அணை கட்டினர் என்பது அவருக்கு வியப்பளித்தது. பெருங்கற்களை ஆற்று மணலின்மீது இட்டனர். அவை தம் கனத்தால் அமிழ்ந்தன. அமிழ்ந்தவற்றின்மேல் மேலும் கற்களை இட்டனர். இனி அமிழாது என்ற நிலை வந்தபின், களிமண்ணால் கற்களை இணைத்து அணையை எழுப்பினர். மணலை வெல்ல முயலாமல் மணலுக்கு இடங்கொடுத்துக் கட்டிய வித்தை அது. அதனை அவர் நன்றியுடன் ஏற்றுக்கொண்டார். பின்னாளில் தம் எழுத்திலும் அப்பழைய கட்டுமான வல்லுநர்களுக்கு உரிய பெருமையை அளித்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் மக்களின் முன்னோரை ஆசிரியராக ஏற்பது அந்நாளில் எளிய செயலன்று.

1830-ஆம் ஆண்டில் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். அணையின் முன்னே குவியும் மணலை வெள்ளத்தோடு வெளியேற்ற அவை பயன்பட்டன. 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்கு உரிய நீரைக் காவிரிக்கே திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் எஞ்சிய நீரைத் தடுத்து வாய்க்கால்களில் ஏற்றியது. அந்நீரே வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் அவ்வேரியின் நீர் சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்து வருகிறது.

மேலணை கட்டியவுடன் வேலை முடிந்துவிடவில்லை. இப்போது காவிரியில் வேண்டிய அளவுக்கு மேல் நீர் பாயத் தொடங்கியது; படுகை அரிப்புற்றது; கரைகள் அச்சுறுத்தின. எனவே பத்தாண்டுகளுக்குள் மேலணையின் நடுப்பகுதியின் உயரத்தைக் குறைக்கவும், காவிரியின் தலைப்பில் படுகையைக் காக்கும் சுவர் ஒன்று எழுப்பவும் நேர்ந்தது. ஆறு ஒருமுறை கட்டி வைத்துவிட்டு மறந்துபோகும் பொருளன்று. நாம் ஒன்று செய்தால் அது பதிலுக்கு ஒன்று செய்யும். அதனைக் கவனித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். காவிரி கற்பித்த இரண்டாவது பாடம் இதுவாகும்.

இதே காலத்தில் வேறொரு பணியும் அவரால் நடைபெற்றது. சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலைகளுக்கு வேண்டிய கல்லைக் கொணர 1837-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. இந்திய நாட்டின் முதல் இருப்புப்பாதைகளுள் அது ஒன்றாகும். பயணிகளுக்காக அன்று, சாலை மராமத்துக்காகவே இந்நாட்டில் இருப்புப்பாதை முதலில் வந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

கோதாவரிக் கரையில்

அந்நாளில் கோதாவரிப் படுகை இருந்த நிலையை இன்று பச்சைப் பசேலென்று அதனைக் காண்போர் நம்புதல் கடினம். ஆடி ஆவணியில் ஆறு கரைபுரண்டு ஓடும். சில மாதங்களில் நீர் வற்றி மணல் தோன்றும். இரு கரையிலும் நிலம் வெடித்துக் கிடக்கும். 1832, 1833-ஆம் ஆண்டுகளில் குண்டூரைச் சூழ்ந்த பகுதியைப் பிடித்த பஞ்சம், ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று என்பர். எலும்புக்கூடுகளின் பஞ்சம் என்னும் பொருள்பட ஆந்திர மக்கள் அதனை வழங்கினர். 1839-ஆம் ஆண்டின் பெரும்புயல் கடலோர ஊர்களை அழித்தது. ராஜமகேந்திரி மாவட்டத்தில் 1821-ஆம் ஆண்டில் ஏழு லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, இருபது ஆண்டுகளில் ஐந்தரை லட்சம் அளவுக்குச் சுருங்கிற்று. மக்கள் இறந்தனர், எஞ்சியோரில் பலர் ஊர் விட்டு ஓடினர்.

இம்மாவட்டத்தின் வீழ்ச்சியை ஆராய ஹென்றி மாண்ட்கோமரி என்னும் அதிகாரியைச் சர்க்கார் அனுப்பியது. தஞ்சையில் செய்ததையே இங்கும் செய்தல் வேண்டும் என்பது அவரது பரிந்துரை. அப்போது காட்டன் உடல்நலம் குன்றி நீண்ட ஓய்வுக்குப்பின் திரும்பி, விசாகப்பட்டினத்தில் கடலரிப்பைத் தடுக்கும் பணியில் இருந்தார். 1841-ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணமும் நிகழ்ந்திருந்தது. கோதாவரியை நேரில் ஆராய்ந்து 1844, 1845-ஆம் ஆண்டுகளில் அறிக்கைகளை அளித்தார். கும்பினியின் இசைவு 1846-ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. 1847-இல் வேலை தொடங்கியது.

ராஜமகேந்திரிக்குக் கீழே தவளேஸ்வரத்தில் ஆறு தீவுகளால் பிரிந்து மிக அகன்று செல்கிறது. குறுகிய இடத்தில் கட்டுவதே எளிது என்று பிறர் நினைக்கக்கூடும். ஆனால் அகன்ற இடத்தில் வெள்ளத்தின் வேகமும் ஆழமும் குறையும். இடையிலுள்ள தீவுகள் துணைநிற்கும். ஆகவே தவளேஸ்வரம், ராலி, மத்தூரு, விஜ்ஜேஸ்வரம் என நான்கு பகுதிகளாக அணை அமைந்தது. நான்கின் நீளமும் சேர்ந்து சற்றேறக்குறைய 12,000 அடி. அடியில் பாறை இல்லை, மணலே இருந்தது. காவிரிக் கல்லணையில் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. அருகிலிருந்த குன்றுகளிலிருந்து கல்லை வெட்டித் தண்டவாள வண்டிகளாலும் படகுகளாலும் கொணர்ந்து ஆற்றில் இட்டனர். அணைக்குக் கீழே நெடுந்தூரம் கற்களைப் பரப்பினர். வெள்ளம் அணையின்மேல் வழிந்து விழும்போது அடிமணல் அரிக்கப்படாமல் அக்கற்களே தாங்கும்.

ஏறத்தாழ பதினாயிரம் தொழிலாளர் இப்பணியில் ஈடுபட்டனர் எனக் கூறுவர். கல் உடைத்தோர், மண் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், படகு தள்ளியோர் என அவர்களுள் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்களைத் திரட்டி வேலையை நடத்துவதில் காட்டனுக்கு வலக்கரமாய் நின்ற ஆந்திரப் பெருமகனார் வீணம் வீரண்ணாவின் பெயர் மட்டும் இன்றும் அப்பகுதியில் நன்றியோடு சொல்லப்படுகிறது. வெயிலில் நின்று நின்று காட்டன் நோயுற்றார். 1848-ஆம் ஆண்டில் பணியை விட்டு நீங்கி ஓய்வு கொள்ள வேண்டியதாயிற்று. அவர் இல்லாத காலத்தில் காப்டன் சார்லஸ் ஆர் என்பவர் வேலையை நிறுத்தாது நடத்தினார். 1850-இல் காட்டன் திரும்பினார். 1852-இல் அணை முடிவுற்றது. அதே ஆண்டில் விஜயவாடாவில் கிருஷ்ணையின் குறுக்கே அணை தொடங்கி, 1855-இல் நிறைவெய்தியது. அதனைக் கட்டிய பொறுப்பு ஆர் அவர்களுடையது. ஒருவர் பெயரால் வழங்கும் பணியில் எத்தனை பேர் கை கலந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

அணையின் பயனை அதிகம் விரித்துரைத்தல் வேண்டா. கோதாவரிப் படுகையில் இன்று ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. பஞ்சத்தால் மக்கள் ஓடிய மாவட்டம், பிற மாவட்டத்தார் வேலை தேடி வரும் மாவட்டம் ஆயிற்று. கால்வாய்கள் வயலுக்கு நீரும், ஊருக்குக் குடிநீரும், படகுக்கு வழியும் தந்தன.

வாதமும் தோல்வியும்

காட்டன் செய்தன யாவும் வென்றன என்று கூறுதல் வரலாறு ஆகாது. 1854-ஆம் ஆண்டில் இந்தியப் பொதுப்பணிகள் பற்றி நூலொன்று எழுதி, நீர்ப்பணிகளையும் சாலைகளையும் சர்க்கார் புறக்கணித்து வந்ததை வன்மையாகக் கண்டித்தார். இருப்புப்பாதையைக் காட்டிலும் நீர்வழியே மலிவானது என்று இறுதிவரை வாதிட்டார். ஆறுகளைக் கால்வாய்களால் இணைத்து நாடெங்கும் படகு செல்ல வேண்டும் எனக் கனவு கண்டார். அவரது யோசனையையொட்டித் தனியார் கம்பெனி ஒன்று எடுத்த கர்நூல் கடப்பைக் கால்வாய் பெருநஷ்டம் அடைந்தது; 1882-ஆம் ஆண்டில் சர்க்காரே அதனை ஏற்க நேர்ந்தது.

1860-ஆம் ஆண்டையொட்டி அவர் ஓய்வு பெற்றார். 1861-இல் சர் பட்டம் பெற்றார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது இங்கிலாந்தில் மீண்டும் குரல் எழுப்பினார். 1878-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுக் குழுவின் முன், எழுபத்தைந்தாம் வயதில் நின்று விடையளித்தார். அக்குழு அவர் கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். முதுமையில் தாம் குடியிருந்த டார்க்கிங் என்னும் ஊரில், நிலத்தை ஆழ உழுது கோதுமை விளைவிக்கும் சோதனையில் ஈடுபட்டார். 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார்.

அவர் கும்பினியின் ஊழியர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அணைக்கு இசைவு தந்த சர்க்கார் நிலவரி பெருகும் என்ற கணக்கை முன்வைத்தே இசைந்தது. அக்கணக்கு சர்க்காருடையது, ஆனால் அணையால் பிழைத்த உயிர்கள் நம் நாட்டினுடையவை. ஆந்திர மக்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தே அவரைப் போற்றுகின்றனர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய அதே மக்கள், கோதாவரிக் கரை ஊர்களில் அவருக்குச் சிலை எடுத்தனர். ஹைதராபாத் டாங்க் பண்டில் தெலுங்குச் சான்றோர் வரிசையில் அவர் சிலையும் நிற்கிறது.

காப்பவர்களும் கட்டியவர்களே

தவளேஸ்வரத்துப் பழைய அணை நூறாண்டுக்கு மேல் பணி செய்தது. பின்னாளில் வந்த எஞ்சினீயர்கள் அதன்மேல் கதவுகள் பொருத்தி நீர்மட்டத்தை உயர்த்தினர். வெள்ளம் பெயர்த்த கற்களுக்கு மாற்றாகப் புதுக்கற்களை இட்டுக் காத்தனர். பிறகு, 1970-ஆம் ஆண்டில் தொடங்கி 1982-இல் முடிந்த புதிய கதவணைக்கு ஆர்தர் காட்டன் பெயரையே சூட்டினர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நொடிக்கு முப்பத்தைந்து லட்சம் கன அடி வெள்ளம் வந்தபோது, ஆற்றின் கரைகள் உடைந்து ஊர்கள் மூழ்கிய துயரிலும் அணை நின்றது.

காவிரிச் செய்தியோ வேறு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, காவிரி வெள்ளம் பெருகி வந்தபோது முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டி 182 ஆண்டுகள் கழிந்திருந்தன. பொதுப்பணித் துறையினரும் தொழிலாளரும் இரவு பகலாக ஓடும் நீரில் நின்று, பாறைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி உடைப்பை அடைத்தனர். அதன்பின் புதிய கதவணை அருகே கட்டப்பட்டது. அன்று நீரில் நின்றவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் நாம் காணப் போவதில்லை. ஆயின், அவர்கள் செய்ததும் காட்டன் செய்ததும் ஒரே தொழில்தான்.

இதுவே இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்தாகும். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இன்றும் நிற்பதற்குக் காரணம், அதனைக் கட்டியவர் திறமை மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக அதனைச் செப்பனிட்டு வந்தோரின் உழைப்பும் ஆகும். காட்டனே அவ்வரிசையில் வந்த ஒருவர். முதலில் பழைய அணையைப் பழுது பார்த்தார். பிறகுதான் புதிய அணையைக் கட்டினார். ஆண்டுதோறும் ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது மரபு. கோதாவரிக் கால்வாய்களையும் கோடையில் அடைப்பர். அப்போது தூர் வாரி, கரை கட்டி, மதகுக்கு எண்ணெய் இட்டு, அடுத்த பருவத்துக்கு ஆயத்தம் செய்யும் லஸ்கர்களும் பிட்டர்களும் ஓவர்சியர்களும் அவ்வரிசையின் இன்றைய உறுப்பினர்கள். திறப்பு விழாவுக்கு மாலை உண்டு. தூர் வாருவதற்கு மாலை இல்லை. ஆனால் தூர் வாராத கால்வாயில் நீர் வாராது.

நம் காலனியிலும் இவர்கள் உள்ளனர். விடியுமுன் வால்வைத் திறந்து நீர் விடுபவர், சாக்கடை அடைப்பை நீக்குபவர், மழைக்கு முன் சாலைக் குழியை நிரப்புபவர், நள்ளிரவில் மின்கம்பத்தில் ஏறுபவர் ஆகியோரின் பெயரை நம் குழந்தைகள் அறிவார்களா? அறியச் செய்தல் நம் கடமை. காட்டனுக்குச் சிலை எடுத்த மக்களின் நடுவே வாழும் நாம், நன்றி பாராட்டுவதில் அவர்களுக்குக் குறைந்தவர்களாகலாகாது. குறள் தந்த மொழியைப் பேசும் நமக்குச் செய்ந்நன்றி அறிதலைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனைச் சிலைகளோடு நிறுத்தாமல், நாள்தோறும் நம் வாயிலுக்கு வந்து பணி செய்பவரிடத்தும் காட்டுவோமாக.

கட்டியவர் புகழும், காத்து நிற்பவர் புகழும் ஒருங்கே வாழ்க!